மயிலிட்டியில் பிறந்த பாடகர்

எங்கள் புது அல்பத்தின் ஒன்பது பாட்டையும் கேளுங்கள் என்று சனத்திடம் கெஞ்சிக் கெஞ்சி எனக்கு அலுத்துப்போயிருந்தது. லிங்க் அனுப்பினால் பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்று வரும். பாட்டை ஒருவரும் திறந்திருக்கமாட்டார்கள். அப்போதுதான் கிற்றார் வாசிக்கும் நண்பன் அந்த யோசனையைச் சொன்னான். வெளிநாட்டில் அல்பம் வெளியிடுபவர்கள் ஒரு பொய்க்கதையை நிசம்போல ஊருக்குள் உலவவிடுவார்களாம். சனம் துப்புத் துலக்கிக்கொண்டே வந்து கடைசியில் பாட்டில் விழுமாம்.

"இஞ்சை சனம் நிண்டு வாசிக்கிறது ஒண்டே ஒண்டுதான் மச்சான். மரண அறிவித்தல்," என்றான்.

அது உண்மைதான். ஆகவே ஒரு பாடகரைப் பிறப்பித்து, உடனேயே சாகடித்தோம். ‘மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் அரியாலையை வதிவிடமாகவும் கொண்ட’ என்று முறைப்படி தொடங்கினோம். மயிலிட்டி என்று போட்டதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது. ஊருக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் பெயர். கணினியில் செய்த மங்கல் முகம். கிரியை ஞாயிறு காலை, என் வீட்டு விலாசத்தில். கீழே கியூஆர் கோடு. அதை ஸ்கான் பண்ணினால் பாட்டின் ஒரு துண்டும் அடுத்த துப்பும் வரும். அச்சடித்துச் சந்திக்குச் சந்தி ஒட்டினோம்.

ஸ்கான் பண்ண ஒரு குருவியும் இல்லை. ஆனால் ஞாயிறு காலை வெள்ளை வேட்டியோடு ஒருவர் படலையைத் திறந்தார். எழுபது வயதிருக்கும்.

"பிரேதம் எடுத்தாச்சோ தம்பி?"

சொந்தக்காரரா என்று கேட்டேன்.

"இல்லை. ஒரே வள்ளத்திலை தொழிலுக்குப் போனனாங்கள். பாடிப் பாடித்தான் வலை இழுப்பான். சண்டை நேரம் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்த அண்டைக்குப் பிரிஞ்சது. முப்பது வரியமாய்த் தேடுறன். பாருங்கோ, இந்த அரியாலையிலையே இருந்திருக்கிறான்."

அழத் தொடங்கினார். என்னோடு நின்ற நண்பன் மெல்ல உள்ளே நழுவிவிட்டான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"பாட்டு விளம்பரத்துக்கு நாங்கள் கட்டின கதை ஐயா. அப்பிடி ஒராள் இல்லை, ஒருத்தரும் சாகேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப அவன் சாகேல்லையோ?"

"எங்களுக்கு அவரைத் தெரியாது ஐயா." இரண்டு தரம் சொன்னேன். அதற்குள் அவர் மனைவிக்குப் போன் எடுத்துவிட்டார்.

"இஞ்சருமப்பா, அவன் சாகேல்லையாம்!"

எனக்கு வாயைத் திறக்கவே களைப்பாக இருந்தது. எல்லா நோட்டீசையும் இன்றைக்கே கிழித்துவிடுகிறோம் என்று மட்டும் சொன்னேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"கிழிக்காதேங்கோ தம்பி. தான் செத்துப்போனன் எண்டு ஒட்டியிருக்கிறதைக் கண்டால், எங்கை இருந்தாலும் உங்களோடை சண்டைக்கு வருவான். வந்தவுடனை எனக்கு ஒருக்கால் கோல் எடுங்கோ."

அவர் சொல்லச் சொல்ல நம்பரை எழுதிக்கொண்டேன்.