மதியத் தூக்கத்தில் முடிந்த பாடங்கள்

எனக்குப் பேய், ஆவி, காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேதியியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன் திண்டுக்கல்லில் ஐந்து வருடம் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொடுத்தவள். கல்லூரி விடுதியில் பக்கத்துக் கட்டில்காரி மொட்டை மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று அழுதபோது, "உன் துணிதான்டி காத்துல ஆடுது, போய் எடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவள். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் அப்படியே திரும்பிப் படுத்துக்கொண்டால் எனக்கு வருத்தமில்லை.

போன வருடம் ஹைதராபாத் வந்தோம். கணவருக்குச் சனத்நகரில் ஒரு மெஷின் கம்பெனியில் வேலை, விற்ற மெஷினைப் பொருத்திக் கொடுக்க ஊர் ஊராகப் போக வேண்டும், மாதத்தில் இருபது நாள் வீட்டில் இருக்க மாட்டார். லோத்குண்டாவில் ஒரு காம்பவுண்டுக்குள் இரண்டு போர்ஷன், அதில் ஒன்றில் நாங்கள், அதாவது நான். இங்கே வருவதற்கு மூன்று மாதம் முன்புதான் ஐந்தாம் மாதத்தில் எனக்குக் கரு கலைந்திருந்தது. அதைப் பற்றிப் பேசாதே, பேசப் பேசத்தான் மனசில் தங்கும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், நல்ல எண்ணத்தில்தான். அம்மாவிடம் பேச்சை எடுத்தால் சாப்பிட்டாயா என்பாள். கணவரிடம் எடுத்தால் சிக்னல் சரியில்லை என்பார். யாரிடமாவது ஒரு தடவை முழுசாகச் சொல்லி அழ வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பக்கத்துப் போர்ஷனில் ஸ்வரூபா அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும், தனியாக இருந்துகொண்டு துணி தைப்பவள். வந்த முதல் வாரமே ஒரு கிண்ணத்தில் கோங்கூரா பச்சடி கொண்டுவந்து, என் முகத்தைப் பார்த்து மெதுவாகத் தெலுங்கில் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று தெரியாது, கேட்ட விதம் தெரிந்தது. இவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். சொல்வதற்குத் தெலுங்கு வேண்டுமே, மொழி கற்றுக்கொடுக்கும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கினேன்.

அந்த ஆப்பைத் திட்டுவதற்கு மட்டும் எனக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். தமிழிலிருந்து தெலுங்குக்குப் பாடம் கிடையாது, ஆங்கிலம் வழியாகத்தான் போக வேண்டும், பக்கத்துத் தெருவுக்குப் போக லண்டனைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி. முதல் வாரம் முழுவதும் யானை ஆப்பிள் தின்றது, அடுத்த வாரம் என் மாமா விமானம் ஓட்டினார், இதையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வது. நாலு தப்பு செய்தால் பாடத்தைப் பூட்டிவிடும், திறக்க வேண்டுமென்றால் மிட்டாய் வெடிக்கும் விளம்பரம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட மோசம் பேச்சுப் பயிற்சி. மைக்கை அழுத்தி "நேனு நீள்ளு தாகுதானு" என்பேன், நான் தண்ணீர் குடிப்பேன் என்று அர்த்தம். சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்னும். மெதுவாகச் சொன்னேன், கத்திச் சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன், ஒரு நாள் உண்மையாகவே ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்து அழுதேன். அந்த வீட்டில் என்னிடம் பேசிய ஒரே ஜீவன் அது, அதற்கும் நான் பேசுவது கேட்கவில்லை.

டாக்டர் கொடுத்திருந்த மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளை அசத்திவிடும். பாடத்தைத் திறந்து வைத்தபடியே போனைத் தலையணைப் பக்கத்தில் போட்டுத் தூங்கிப்போவேன். ஒரு நாள் எழுந்து பார்த்தால் மூன்று பாடம் முடிந்து பச்சை டிக் விழுந்திருக்கிறது, மூன்றும் பேச்சுப் பாடம். கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் நான்கு. இரண்டு வாரத்தில் நான் சரளமாகப் பேசும் நிலைக்கு வந்துவிட்டதாகக் கோப்பைப் படம் காட்டிப் பாராட்டியது, எனக்கோ இன்னும் தண்ணீர் குடிக்கவே வரவில்லை. எரிச்சலில் ஆப் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். உங்கள் உச்சரிப்பு சிறப்பாக இருக்கிறது, தொடருங்கள் என்று பதில் வந்தது, அதுவும் மெஷின் எழுதிய பதில்தான்.

அதே சமயத்தில்தான் ஸ்வரூபா அக்கா மாறினாள். நான் சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிண்ணத்தைக் காலியாகக் கொடுக்கக் கூடாதே என்று பாயசம் ஊற்றி எடுத்துப் போனேன், வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு முகம்தான்.

ஒரு நாள் காலை வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் அங்கிள் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்தார். தமிழர்தான், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சிகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம், அதனால் அவர் தமிழில் உருது தாராளமாகக் கலந்திருக்கும். துணைக்கு அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் ஸ்வரூபா அக்காவிடம் போய், "மீரு எலா உன்னாரு?" என்று கேட்டேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அவ்வளவுதான் கேட்டது. அவள் கண் கலங்கிவிட்டது. அங்கிளைப் பார்த்துத் தெலுங்கில் படபடவென்று கொட்டினாள்.

அங்கிள் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "கைக்கும்மா, ஏன் இப்படிப் பண்றே? தெலுங்கு தண்ணி மாதிரி பேசறியாம். இவங்க வந்து பேசினா மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி தலையாட்டறியாம்."

"எனக்குத் தெலுங்கே வராது அங்கிள்."

"நக்கோம்மா, பொய் நக்கோ, வேணாம். தினம் மதியம் சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ பேசறதை இவங்க காதால கேட்டிருக்காங்க. உன் குரல்தானாம். போன்ல யார்கிட்டயோ சொல்லிச் சொல்லி அழறியாம். பக்கத்துலயே இருக்கேன், என்கிட்ட சொல்லக் கூடாதான்னு கேக்கறாங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தூக்கத்தில் தமிழில் உளறியிருப்பேன், அதை இவர் தெலுங்கு என்று நினைத்துவிட்டார் என்றேன். அங்கிள் அதை அவளிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, நான் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அதைத் தமிழில் எனக்குச் சொல்லச் சொல்ல அங்கிள் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் கட்டியிருந்த பச்சைத் திரை, என் வளையலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவைத்த நர்ஸ், வெளியே அடித்த மழை. நீங்கள் நம்பினால் நம்புங்கள், இதில் ஒன்றைக்கூட நான் ஒரு உயிரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் ஸ்வரூபா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடபில்ல" என்றாள்.

"பொண்ணு குழந்தையாமே" என்றார் அங்கிள், என்னைப் பார்க்காமல்.

அவள் பிடியிலிருந்து என் கையை உருவிக்கொண்டேன். ஏனென்றால் பிறக்காமல் போனது ஆணா பெண்ணா என்று எனக்கே தெரியாது. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள், கேட்டதற்கு, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று மாமியார் வாயை அடைத்துவிட்டார்.

உள்ளே ஓடிப் போய்க் கணவருக்குப் போன் செய்தேன். ராய்ப்பூரில் இருந்தார். "நம்ம பாப்பா பொண்ணுதானே?" என்று கேட்டேன். பின்னால் ஓடிய மெஷின் சத்தத்திலிருந்து தள்ளிப் போனார். பிறகு, "உனக்கு யார் சொன்னா? எனக்கும் அம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாதே" என்றார்.

ஆப்பை அன்றைக்கே அழித்துவிட்டேன். மதியத்தில் இப்போது என் வீட்டில் சத்தம் இல்லையாம். ஸ்வரூபா அக்கா பழையபடி வருகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிறாள், எனக்கு அழுகை வந்தால் ஒன்றும் கேட்காமல் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஆனால் விழித்திருக்கும்போது நான் இன்னும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சரி, தூக்கத்தில் பேசியது நான்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வராத மொழி எப்படி வந்தது, தெரியாத விஷயம் எப்படித் தெரிந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதைக்கூட விட்டுவிடுவேன். என் கணவர் ஊரிலிருந்து வந்து தங்கும் நாட்களில் ஸ்வரூபா அக்கா எங்கள் வாசல் பக்கமே வருவதில்லை. அவர் நமஸ்தே சொன்னால் உள்ளே போய்க் கதவுக்குத் தாழ் போட்டுக்கொள்கிறாள். அந்த மதியங்களில் அவரைப் பற்றி என் குரலில் என்னவெல்லாம் அவள் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கிளை வைத்துக் கேட்டுவிடலாம்தான். எனக்குத்தான் துணிச்சல் வரவில்லை.