பை ஏறிவிட்டது, ஆள் ஏறவில்லை

போன வாரம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை உருவி, ஜன்னல் வழியாக ஸீட்டில் போட்டுவிட்டு, சாவகாசமாக டீக்கடைப் பக்கம் நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இடம் பிடிப்பது அப்படித்தான். துண்டு இல்லையென்றால் பை, பையும் இல்லையென்றால் கைக்குழந்தை. பொருள் ஏறிவிட்டால் ஆள் ஏறிய மாதிரி. டிரைவர் டீ குடித்து, வெற்றிலை போட்டு, ஊர் நியாயம் பேசி முடித்துத்தான் வண்டியை எடுப்பார். இந்த வித்தையில் என் அக்காவை மிஞ்ச எங்கள் ஊர் ஆண்டிமடத்தில் ஆள் கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. மெட்ராஸுக்குப் போக வேண்டும். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தையில் அத்தை மகனோடு என் கல்யாணத்தை முடிக்க அவருக்கு எண்ணம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்ட அக்காதான் எனக்காக மல்லுக்கு நின்றாள். "நான் கூட்டிட்டுப் போறேன். வேல கெடைக்கலன்னா நீங்க சொன்ன எடத்துல கழுத்த நீட்டுவா. அப்புறம் நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்" என்றாள்.

அரியலூரில் ரயிலேறி விடிகாலையில் எழும்பூரில் இறங்கினோம். பெண்கள் தங்கும் அறையில் குளித்தோம். தண்ணீர் உப்புக் கரித்தது, சோப்பு நுரைக்கவே இல்லை. வெளியே வந்தால் மல்லிகைப்பூ, டீசல், சாக்கடை எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. மாடி வைத்த பஸ் ஒன்று சாய்ந்தபடி திரும்பியது. நான் வாயைப் பிளந்தது அதற்கல்ல. கைப்பையும் வாட்சுமாகப் பெண்கள், சாரிசாரியாக, துணைக்கு யாருமில்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் தெருமுனையைத் தாண்டுவதற்குள் "யாரு வூட்டுப் பொண்ணு, எங்க போற?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். இங்கே அவர்களை ஒருவரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நான் இப்படி மயங்கி நின்றபோதுதான் பஸ் வந்தது. ஜன்னலோரம் ஓர் இடம் காலி. அக்காவின் கை சும்மா இருக்குமா? என் மஞ்சள் பையை வாங்கி லாவகமாக உள்ளே போட்டாள். "எடம் புடிச்சாச்சு, வா" என்று படிக்கட்டை நோக்கி நடந்தாள். விசில் ஒலித்தது. பஸ் போய்விட்டது.

"ஏங்க, நிறுத்துங்க! பையி ஏறிடுச்சு, ஆளு ஏறல!" என்று அக்கா கத்தியதற்கு அந்தத் தெருவே சிரித்தது. பையில்தான் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் இன்டர்வியூ கார்டும் இருந்தன. அக்கா அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஒன் வாழ்க்கைய நானே தூக்கிப் போட்டுட்டேனே" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். விஷயத்தைக் கேட்ட கண்டக்டர், "இன்னாம்மா, பைக்கு டிக்கெட் எடுத்தியா?" என்று கிண்டலடித்தார். அடித்தாலும், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எங்களுக்காக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது ஸ்டாப்பில், "தோ பாரு, உன் பை நிக்குது!" என்றார்.

நீலப் புடவை கட்டிய ஒரு பெண், வருகிற பஸ்ஸுக்கெல்லாம் தெரியும்படி, மஞ்சள் பையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கார்டுல இன்னிக்குத் தேதி போட்டிருந்தது. பின்னாடி பஸ்ல எப்படியும் வருவீங்கன்னு இறங்கிட்டேன்" என்றாள். அவளுக்கு ஆபீஸ் நேரம் தப்பியிருந்தது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பையிலிருந்த வறுத்த முந்திரிப் பொட்டலத்தைத் திணித்தாள். "எங்க ஊரு முந்திரிங்க. வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றாள். நீலப் புடவைக்காரி சிரித்தாள். "இந்த ஊர்ல முதல்ல ஆளு, அப்புறம்தான் பை. சரியா?" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்விட்டாள். அவள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. குரலை நம்பி வேலை கேட்டுப் போனவளுக்கு அங்கே ஒரு நன்றி சொல்லக் குரல் எழும்பவில்லை.

இன்டர்வியூவில் எழும்பியது. வேலை கிடைத்தது. அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலேயே உட்கார்ந்தேன். அத்தை மகன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்.

மெட்ராஸ் லைனில் பெண் குரல் "ஹலோ" என்றால் அவள்தானோ என்று ஒரு கணம் காது கொடுத்துக் காத்திருப்பேன். ஒருமுறை துணிந்து, "நீங்க ஒரு மஞ்சப்பைய..." என்று ஆரம்பித்து, "டிரங்க் காலைக் குடும்மா முதல்ல" என்று திட்டு வாங்கினேன். ஆனாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. பிறகு ஊரெங்கும் எஸ்.டி.டி. பூத் வந்தது. நாங்கள் லைன் இணைத்துக் கொடுத்த போர்டுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது மெட்ராஸிலிருந்து யார் யாரைக் கூப்பிட்டாலும் குரல் நேராகப் போய்விடுகிறது. நடுவில் கேட்டுக்கொண்டிருக்க நான் இல்லை. அவள் எத்தனை முறை பேசினாலும் இனி எனக்குக் கேட்காது.