எடை பார்த்து ஏற்றும் கப்பல்

வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை விமானத் திடலுக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு எழுநூறு ரூபாய். பெப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்குக் காலி வீதி வெறிச்சென்று கிடந்தது. நானும் மனைவி பிலோமினாவும் பின்னால் இருந்தோம். அவளுடைய ஒரு கையில் செபமாலை, மற்றக் கை என் கைக்குள்.

"பெலூன் எகடத, மாத்தயா?" என்று சாரதி சிங்களத்தில் கேட்டார். அந்தப் பலூனுக்கா போகிறீர்கள் என்று அர்த்தம். ஆமென்று தலையாட்டினேன். கண்ணாடியில் எங்கள் இருவரின் நரையையும் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அது பலூன் அல்ல, வான்கப்பல். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று சில வாரங்களுக்கு அதை இங்கே கொண்டுவந்து, கடலோரமாக ஆட்களை ஏற்றிப் பறக்கிறது. டொரொன்ரோவில் இருக்கும் எங்கள் மகள் நிரோஷி இதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அங்கிருந்தே இரண்டு டிக்கெட் எடுத்து அனுப்பினாள். வேடிக்கைக்காக அல்ல. அவளுக்கு ஏப்ரலில் இரண்டாவது குழந்தை. முதல் குழந்தைக்கே தாய் போவதாக இருந்தது. அப்போது கட்டுநாயக்காவில் புறப்பாட்டு வாசலுக்குள் கால் வைத்த பிலோமினா, அப்படியே திரும்பிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். "என்னால ஏலாது" என்றாள், அவ்வளவுதான். அந்தப் பிரசவத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை.

இந்த முறையும் அவள் தனியாகத்தான் போகவேண்டும். நான் உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பவன், பரீட்சை முடியும்வரை அசைய வழியில்லை. "அம்மா முதல்ல இதில ஏறிப் பாக்கட்டும் அப்பா. தரைக்குக் கிட்டப் பதிவா, மெதுவாப் போகும். ஜன்னலும் திறக்கலாம். இதில இருந்திட்டா அதிலயும் இருப்பா" என்பது மகளின் கணக்கு. என் கணக்கு வேறு. இதிலிருந்தும் அவள் திரும்பிவிட்டால், டொரொன்ரோ என்ற பேச்சே இனி எங்கள் வீட்டில் எழாது. அந்த யோசனையிலேயே சில நாட்களாக எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை.

ஏழு மணிக்குத் திடலில் இறங்கினோம். கப்பல் அப்போதுதான் முதல் பயணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நீளத்தில் காலி வீதிப் பஸ் ஆறேழை வரிசையாக நிறுத்தியதுபோல் இருக்கும். அவ்வளவு பெரிய உடம்புக்குக் கீழே, ஒரு வேன் அளவான அறை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் இருப்பது அதற்குள்தான். பழைய காலத்தில் இப்படியொன்று தீப்பற்றி எரிந்த படத்தை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் காலத்து வாயு வேறு, இது ஹீலியம், எரியாது. இதையும் படித்திருந்தேன். படித்த பிறகும் அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஆட்களை ஏற்றும் பொறுப்பு றிஸ்வான் என்பவருக்கு. கொழும்பு கிராண்ட்பாஸ்காரர், நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம். வான்கப்பல் தராசு மாதிரி என்று விளக்கினார். இருப்பவர்கள் எல்லோரும் ஒரேயடியாக இறங்கினால் பாரம் குறைந்து அது மேலே கிளம்பப் பார்க்கும். ஆகவே இரண்டு பேர் இறங்க, ஏறக்குறைய அதே எடையுள்ள இரண்டு பேர் ஏறவேண்டும். அதனால்தான் டிக்கெட் எடுக்கும்போதே ஒவ்வொருவரின் எடையையும் கேட்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். மகள் எடையைக் கேட்டபோது, "அறுபத்தெட்டு எண்டு சொல்லுங்கோ" என்று பிலோமினா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். நானும் அப்படியே சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய எந்த மனிதன் அந்த எண்ணைத் திருத்துவான்? இப்போது திடலில், வடையும் தண்ணீர்ப் போத்தலும் அடங்கிய பை சகிதம் அவள் தராசில் ஏற, அது எண்பத்தைந்து காட்டியது.

"பேக்கை வெச்சிட்டு ஏறுங்க மிஸ்" என்றார் றிஸ்வான். எண்பத்தொன்று.

அவர் கையிலிருந்த டெப் கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சேர், உங்க ரெண்டு பேரையும் ஒண்டா ஏத்த ஏலாம ஈக்கிது. மிஸ்ஸோட லேசான ஆள் ஒராளப் போடணும். நீங்க அடுத்த ட்ரிப்ல வாங்க."

"அப்ப ரெண்டு பேரும் அடுத்ததில வாறம்" என்றேன் அவசரமாக.

"அடுத்ததிலயும் இதே கதைதான் சேர். காத்து எழும்பினா அடுத்தது போகுமா எண்டும் தெரியாது."

நான் பிலோமினாவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. தரையைப் பார்த்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, முச்சக்கர வண்டியைத் திரும்பப் பிடிக்கவேண்டியதுதான் என்று நினைத்தேன். சொன்னால் வெட்கம், அந்த நினைப்பில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

"இதைப் பிடியுங்கோ" என்று பையை என்னிடம் நீட்டினாள். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கப்பல் திரும்பி வந்து, மூக்கைக் காற்றுக்கு எதிராக வைத்துக்கொண்டு தரையைத் தொட்டதும் இரண்டு பேர் இறங்கினார்கள். பிலோமினாவும் ஒல்லியான ஒரு பெண்ணும் ஏறினார்கள். மற்றவர்களும் அப்படியே இரண்டிரண்டு பேராக மாறினார்கள். கப்பல் மெல்ல எழுந்து, தெஹிவளைப் பக்கம் திரும்பிச் சிறுத்துப் போனது.

அடுத்த ஐம்பது நிமிடத்தை எப்படிக் கழித்தேன் என்று எழுதினால் வாசகர்கள் சிரிப்பார்கள். கம்பத்தில் கட்டியிருந்த, காற்றின் திசை காட்டும் பையைப் பார்ப்பேன், வானத்தைப் பார்ப்பேன், கைப்பேசியில் அழைப்பேன். அவள் எடுக்கவில்லை. ஐந்தாவது தரம் அழைத்தபோதுதான், மடியிலிருந்த பைக்குள்ளேயே அவளுடைய கைப்பேசி அடிப்பது காதில் விழுந்தது.

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னதாகக் கப்பல் திரும்பியது. ஏணியடியில் அவள் இறங்க நான் ஏறவேண்டும். நின்று கதைக்க விடமாட்டார்கள். என் கையிலிருந்த பையைப் பறித்துக்கொண்டே, "எழும்பி நடக்கவும் விடுகினம். பயப்படாதேங்கோ" என்றாள்.

"நான் பயப்படேல்லை" என்றேன். அதற்குள் அவள் என்னைக் கடந்துவிட்டாள்.

போகாதவர்களுக்காகச் சில தகவல்கள். இருக்கைகள் பத்து. உயரம் சுமார் முந்நூறு மீற்றர். வேகம் மணிக்கு அறுபது கிலோமீற்றர் இருக்கும். விமானத்தில் எழும்பும்போது முதுகு இருக்கையோடு ஒட்டுமே, அது இதில் இல்லை. தரை தானாகக் கீழே இறங்குகிறது. ஜன்னலைத் திறந்தால் ஊரின் சத்தமெல்லாம் தெளிவாக மேலே வருகிறது, நாய் குரைப்பதுகூட. இதுவரை எழுத முடிகிறது. தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பற்றி எழுத என்னிடம் எதுவுமில்லை. கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.

"ஐயா, கண்ணைத் திறவுங்கோ. காசு குடுத்த காட்சி போகுது" என்றார் பக்கத்தில் இருந்த புறக்கோட்டைப் புடவைக் கடைக்காரர். நான் திறக்கவில்லை.

திறக்க வைத்தது கோயில் மணி. கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் மேலே போக அனுமதி இல்லாததால், கப்பல் கடல் பக்கமாக அலைதடுப்பைச் சுற்றி முகத்துவாரத்தில் கரையேறியது. அங்கே தொலைவிலிருந்து ஞாயிறு மணி கேட்டது. கண்ணைத் திறந்தேன். கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் குவிமாடம், அதைச் சுற்றி நெருக்கியடித்த தகரக் கூரைகள். பிலோமினா பிறந்து வளர்ந்த ஒழுங்கை அங்கேதான் எங்கோ. எத்தனை தரம் அவளைப் பார்க்க அந்த ஒழுங்கையில் சைக்கிளில் சுற்றியிருக்கிறேன்! இந்தப் பக்கம் களனி ஆற்றின் மண்ணிறத் தண்ணீர் நீலக் கடலுக்குள் விசிறிபோல் விரிந்து கிடந்தது. மீன்பிடிப் படகுகளின் மேல் எங்கள் நிழல் மெல்ல ஊர்ந்தது. அழகுதான், மறுக்கவில்லை. அவள் இதைத் தனியாகப் பார்த்திருக்கிறாள் என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

திரும்பும்போது கடற்காற்று எழும்பிவிட்டது. கப்பல் மூக்கைத் தூக்கித் தூக்கி ஆடியது. கொள்ளுப்பிட்டியில் கரையோர ரயில் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. இரத்மலானையில் முதல் தரம் இறங்கப் போனபோது காற்று பக்கவாட்டில் தள்ள, கீழே நின்றவர்கள் பிடித்த கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். நாங்கள் மறுபடி மேலே போனோம். புடவைக் கடைக்காரர் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், போதாதென்று மாதாவையும். இரண்டாம் தரம் தரை தொட்டது. இனிப் பயணமில்லை என்பதால் எங்களுக்குப் பதிலாக ஏற ஆளில்லை. ஒவ்வொருவராக இறங்க இறங்க, தண்ணீர்ப் பைகளை ஏற்றினார்கள்.

பிலோமினா கம்பி வேலியருகே நின்றிருந்தாள். வடைப் பை காலி.

"எங்கட மொட்டை மாடியைப் பாத்தனீங்களோ? கொடியில உங்கட சாரம் கிடந்தது" என்றாள்.

"ஓம் ஓம்" என்றேன்.

"பொய். கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பியள்." திரும்பும் வழியில் முச்சக்கர வண்டிக்குள் இருந்தே மகளை அழைத்தாள். "பிள்ளை, டிக்கெட்டைப் போடு. அம்மா வாறன்" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாவோ? அவருக்கு இன்னும் ரெண்டு தரம் ஏறிப் பழக வேணும்" என்றாள்.

மார்ச் மாதம் கட்டுநாயக்காவுக்குப் போனோம். அதே புறப்பாட்டு வாசல், பயணிகளுக்கு மட்டும் அனுமதி. பிலோமினா பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்சத் தூரம் போனவள் நின்றாள். திரும்பினாள். என்னை நோக்கி வந்தாள். போன முறையும் இப்படித்தான். மகளுக்கு என்ன சொல்வது என்று அந்த நொடியே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"வீட்டுத் திறப்பு என்ர பைக்குள்ள கிடக்கு. இதையும் நான் கொண்டு போனா நீங்கள் எங்க போய்ப் படுக்கிறது?" என்று வாசல் தடுப்புக்கு மேலாலேயே கையை நீட்டி, திறப்பை என் உள்ளங்கையில் வைத்துப் பொத்திவிட்டு, திரும்பிப் பாராமல் போனாள்.

வீட்டுக்கு வந்ததும், கதவைத் திறக்காமலே மொட்டை மாடிக்குத்தான் ஏறினேன். அவ்வளவு பெரிய விமானத்துக்கு வெள்ளவத்தைக் காற்று ஒரு பொருட்டல்ல என்பது கணித வாத்தியாருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கொடியில் அவள் காயப்போட்டுவிட்டுப் போன சேலை ஆடுகிறதா என்று நின்று பார்த்தேன். ஆடவில்லை. திறப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, கதவைத் திறந்தேன்.