ஆறு பேராக இருந்த வீரபாகு

ஒருவர் ஒருவராக இருந்து பிழைப்பதே பெரும்பாடாக இருந்த எழுபதுகளில், பிள்ளையார்பாளையத்து நெசவாளி வீரபாகு ஒரு பகல் முழுக்க ஆறு பேராக இருந்து காட்டினார். அதற்காக அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. கிடைத்தது ஈரமில்லாத ஒரு குழி. பொன்னாடையைவிட அது எவ்வளவு உயர்ந்தது என்பது குழித்தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் விளங்கும்.

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர் தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதிக்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்தால் அந்தக் குழிக்குள் ஊற்று சுரக்கும். முதலில் தண்ணீர் வரும், பின்னாலேயே தவளை வரும். ஈரத்தில் தறியில் கட்டிய பாவு நூல் தளர்ந்து தொங்கும், தறி நிற்கும், கூலி நிற்கும். வீட்டில் அடுப்பைப் பற்ற வைக்கும் பொறுப்பு மட்டும் நிற்காது.

இதையெல்லாம் அரசாங்கம் அறியாமலில்லை. குழிக்குக் கல் கட்டிச் சிமெண்டு பூச, சங்க உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மானியம் கொடுத்தது. அந்த மானியம் சங்கத் தலைவர் திருஞானசம்பந்தம் வீட்டு மாடியில் மொசைக் தரையாகப் போய்ப் படுத்துக்கொண்டது. மாடிவரை ஊற்று எட்டாது என்பதால் அங்கே அது பத்திரமாகவே இருந்தது.

திருஞானசம்பந்தம் ஜவுளிக்கடை முதலாளி. கடைச் சேலைக்கு வரி உண்டு, சங்கத்துச் சேலைக்குத் தள்ளுபடி உண்டு என்று தெரிந்த நாளில் அவருக்கு நெசவாளர் மீது கருணை சுரந்து, தாமே ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார். கடைச் சேலையெல்லாம் சங்கத்துச் சேலையாக ஞானஸ்நானம் பெற்றன. உறுப்பினர்களை வெளியே தேடி அலையவில்லை. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருக்கும் மைத்துனர் குமாரசாமி நெசவாளி ஆனார். தம்பி, மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாரும் ஆனார்கள். திருப்புட்குழியில் காலமாகிவிட்ட பெரியப்பாவும் தொடர்ந்து உறுப்பினராக இருந்தார். காலமானவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று முதலாளிக்கு யாரும் சொல்லவில்லை.

முதலாளி வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு வீடு, வீட்டுக்கு ஒரு தறி. ஐந்து தறிக்காரர்கள் போன மழையிலேயே குழித் தண்ணீரைப் பார்த்துவிட்டு வேறிடம் போனார்கள். மிஞ்சியவர் வீரபாகு. அவர் உறுப்பினர் இல்லை. கேட்டதற்கு முதலாளி, “ஒனக்கு எதுக்குபா அந்தத் தலைவலி?” என்று பரிவோடு விசாரித்து அனுப்பிவிட்டார். இன்னொரு முறை கேட்டால் தறியும் இருக்காது என்பது அந்தப் பரிவிலேயே அடங்கியிருந்தது.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து கைத்தறி இலாகா அதிகாரி சீனிவாசன் உறுப்பினர்களைத் தறியில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மைத்துனர் தொந்திக்குக் குழியில் இடம் போதாது. பெரியப்பாவின் அசௌகரியம் வேறு மாதிரி.

“பொழக்கடை ஆறு வீட்டுக்கும் ஒண்ணுதான? அவரு வாசல்ல வர்றதுக்குள்ள நீ பின்னால போயி அடுத்த தறியில ஒக்காந்துக்கோ” என்றார் முதலாளி. “குழிக்கு சிமெண்டு போட்டாச்சான்னா, போட்டாச்சுன்னு சொல்லு. ஒரு வேட்டி எடுத்துத் தரேன்.”

“ஆறு ஆளு வெச்சுக்கலாமே மொதலாளி?”

“ஆறு வாய யாருபா கட்டுறது?” திருட்டிலும் சிக்கனம் பார்ப்பவர் அவர்.

வீரபாகு மனைவி வள்ளி ஒரே கேள்வி கேட்டாள். “ஆறு பேருக்கு ஒரு வேட்டியா?”

அதிகாரி வருகிற அன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆறு குழியிலும் தண்ணீர். முதல் வீட்டில் வீரபாகு முதலாளியின் தம்பியாக, கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

“குழி சௌகரியமா இருக்கா?” என்று கேட்டார் அதிகாரி.

“ரொம்ப சௌகரியம் சார்.” காலடியில் தவளை ஆமோதித்தது.

முதலாளி அதிகாரியை வாசலில் காபிக்கு உட்கார வைத்தார். வீரபாகு புழக்கடை வழியே ஓடித் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மைத்துனர் குமாரசாமியாக அடுத்த குழியில் காலை விட்டார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. குளிரில் புத்தி தெளிந்தது. வாயைத் திறந்தால் வீரபாகுவுக்கு வேலை போகும். குமாரசாமிக்கு என்ன போகும்? அரிசி மில்லா?

“குழி எப்படி?” என்றார் அதிகாரி.

“முட்டிவரிக்கும் தண்ணி நிக்குது சார். கல்லும் கட்டல, சிமெண்டும் போடல.”

முதலாளி தொண்டையைச் செருமினார். “குமாரசாமி, பாத்துப் பேசு.”

“நீங்க சும்மா இருங்க மச்சான். வருசா வருசம் இதே பேச்சா பேசிக்கினு கீறீங்க.”

மச்சான் அவசரமாக அதிகாரிக்கு அடுத்த காபி சொன்னார். ‘இவன் என் மைத்துனன் இல்லை’ என்று சொல்லலாம்தான். சொன்னால் மைத்துனர் எங்கே என்ற கேள்வி வரும். பிறகு பெரியப்பா எங்கே என்று வரும். அதற்குப் பதில் சொல்லப் பாலாற்றங்கரைச் சுடுகாடுவரை போக வேண்டும்.

மாப்பிள்ளை, மாமனாரின் மரியாதை குறையாமல் அதே புகாரைச் சொன்னார். சம்பந்தி முறுக்கோடு சொன்னார். ஐந்தாவது வீட்டில் பெரியப்பா, நெற்றி நிறைய விபூதியும் போர்வையுமாகக் காத்திருந்தார்.

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். “எண்பத்து மூணு வயசுன்னு இருக்கே. தெரியவே இல்லையே பெரியவரே?”

“தறியில ஒக்காந்தா வயசு தெரியாதுபா.”

“உடம்பு எப்படி இருக்கு?”

“நடுவுல ஒரு தபா ரொம்ப மோசமாத்தான் பூடுச்சு. இப்ப பரவால்ல.” பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். செத்தவரை யார் வேலையை விட்டு நீக்க முடியும்? “டேய் சம்பந்தம். ஒங்கப்பன் இருந்தா இப்பிடித் தண்ணியில ஒக்கார வெப்பானாடா? மாடிக்கு மொசைக் கேக்குதா ஒனக்கு?”

“இல்ல பெரியப்பா” என்றார் முதலாளி. வேறு வழியில்லை.

கடைசித் தறி வீரபாகு அன்றாடம் ஓட்டும் தறி, ஆவணப்படி ஆறாவது உறுப்பினரான தலைவர் நெய்வது. தலைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால், “இவரு யாரு?” என்ற கேள்விக்கு முதலாளி அன்று முழுக்கச் சொன்ன ஒரே உண்மையைச் சொன்னார்: “வீரபாகு. எனக்குத் தறி ஓட்டுறவர்.”

அதிகாரி, ஊறி வெளுத்துப்போன வீரபாகுவின் காலையே சிறிது நேரம் பார்த்தார். ஐந்து வீட்டிலும் அதே காலைத்தான் பார்த்திருந்தார். ஆனால் ஐந்து வீட்டுக் காபியும் அவர் வயிற்றில் இருந்தது.

“சங்கம்னா இப்படித்தான் ஒத்துமையா இருக்கணும்” என்றார் நிதானமாக. “மறுபடி வருவேன். அதுக்குள்ள ஆறு குழியும் கல்லு கட்டியிருக்கணும். இல்லேன்னா உறுப்பினர் எல்லாரையும் ஒரே நேரத்துல ஆபீஸுக்கு வரச் சொல்ல வேண்டியிருக்கும்.”

‘ஒரே நேரத்துல’ என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

தீபாவளிக்கு முன்பே கொத்தனார் வந்துவிட்டார். மாடிப்படிக்குப் போட இருந்த மொசைக் நின்றது. ஆறு குழியும் கல்லும் சிமெண்டுமாக எழுந்தன. வீரபாகுவை வேலையை விட்டு அனுப்ப முதலாளிக்குக் கை துடித்தது. அனுப்பினால் ஐந்து உறுப்பினர்களும் கூடவே போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டுக் கையை அடக்கிக்கொண்டார்.

அடைமழையில் ஊரே ஒழுகிக்கொண்டிருந்தபோது வீரபாகு காய்ந்த குழியில் காலைத் தொங்கவிட்டுத் தறியை ஓட்டினார். தவளை வாசல்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. முதலாளியும் வந்தார், குடையோடு.

“அந்த ஆபீஸரு தையில வராராம். வந்துடுவ இல்ல?”

வீரபாகு மிதியை நிறுத்தவில்லை. “இந்தத் தபா கூலி பேசிக்கணும் மொதலாளி.”

“எவ்வளவுபா எதிர்பாக்குற?”

“நான் மட்டும் எப்பிடிச் சொல்றது? மத்த அஞ்சு பேரையும் ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்றேன்.”