சிவப்பு மேலே ஏறிய நாள்

சுந்தராம்பாள் ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. தேவராஜ மொஹல்லாவில் ஒரு தையல் கடையில் வேலை. அக்டோபர் பிறந்தால், கர்நாடக மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்கு ஏற்றும் கொடிகள் எல்லாம் அவள் கையில்தான். மேலே மஞ்சள், கீழே சிவப்பு. மஞ்சளும் குங்குமமும் என்பார்கள். வாசற்படிக்குப் பூசுவது போன்ற அந்த நிறங்கள் அவளுக்குப் பிடிக்கும்.

போன வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கொடியைத் தைக்கும்போது, மகள் ஜீவிதாவோடு போனில் பேசிக்கொண்டே, கயிறு மாட்டும் மேல்முனை வளையத்தைச் சிவப்புப் பக்கம் தைத்துவிட்டாள்.

நவம்பர் ஒன்றாம் தேதி காலை. வேலைக்குப் போகிற வழியில் பள்ளி கேட்டருகே நின்று பார்த்தாள். கயிற்றை இழுத்ததும் பூக்கள் உதிர்ந்தன. சிவப்பு மேலே, மஞ்சள் கீழே. கூட்டம் சலசலத்தது.

கொடியை மடித்துக் கட்டியவர் ப்யூன் கரியப்பன், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர். தலைமையாசிரியை அத்தனை பிள்ளைகள் முன்னால் அவரைத் திட்டினார். "தமிழன்தானே, வேண்டுமென்றே செய்திருப்பான்" என்று யாரோ கன்னடத்தில் கத்தினார்கள். கரியப்பன் கைகட்டி நின்றார்.

அது தன் தையலில் வந்த தவறு என்று சுந்தராம்பாளுக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. உள்ளே போய்ச் சொல்லவில்லை. தானும் தமிழ்தானே என்ற பயம். கடைக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள் பள்ளிப் பக்கமே போகவில்லை. கரியப்பன் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார், கொடி வேலையை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று டீக்கடையில் கேள்விப்பட்டாள். பதின்மூன்றாம் நாள் நேரே தலைமையாசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் அவர், கன்னடத்தில்.

சுந்தராம்பாள் வெளியே வந்து கரியப்பன் முன் நின்றாள்.

"அண்ணா, வளையத்த மாத்தித் தெச்சது நானுங்க. மன்னிச்சுக்கோணும்."

"தெரியும் அம்மிணி. கொடிய எறக்குனப்பவே வளையத்தப் பாத்தேன். நீங்க பள்ளிக்கூட கேட்டுப் பக்கத்துல நின்னதயும் பாத்தேன்."

"அப்பறம் ஏனுங்க எம்பேரச் சொல்லல?"

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

அவள் தலை தாழ்ந்தது. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் காலைப் பிரார்த்தனையில் தலைமையாசிரியை உண்மையைச் சொல்லி, கரியப்பனிடம் வருத்தம் தெரிவித்தார். கொடி வேலையையும் திருப்பிக் கொடுத்தார். கரியப்பன் வேண்டாமென்றுவிட்டார், அந்தக் கயிற்றை இனித் தொடமாட்டாராம். இதைக் கேட்ட அன்று சுந்தராம்பாளால் ஒரு தையல்கூட நேராகப் போட முடியவில்லை.