சடையன் முகம் திருப்பிய நாட்கள்

என் அக்கா வீட்டுக்காரர் சலவைக்கடை வைத்திருக்கிறார். மாமாவுக்கு அழுக்கு என்றால் ஆகவே ஆகாது. விருந்துக்குப் போன இடத்தில்கூட மேசைவிரிப்பில் கறையைப் பார்த்துவிட்டால் சாப்பிட முடியாமல் நெளிவார். அப்படிப்பட்டவர் சடையன் என்ற அந்த நாயை ஏழு வருடமாக எப்படி மடியில் வைத்துக் கொஞ்சுகிறார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பாசம் வந்தால் மூக்கும் அடைத்துக்கொள்ளும் போல.

போன மாதம் சடையனின் முடி சிக்குப் பிடித்து, சீப்பே இறங்கவில்லை. நாய்களுக்கு முடிவெட்டும் கடையில் முதன்முதலாகக் கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் பாதி உடம்பாகத் திரும்பி வந்த சடையன் நேராகத் தன் படுக்கையை மோந்து பார்த்தது. படுக்கவில்லை. சோபாவை மோந்தது. மாமாவின் கையை மோந்தது. பிறகு குளியலறைக்குள் போய் வாளிக்குப் பின்னால் சுருண்டுகொண்டது.

இரண்டு நாள் இதே கதைதான். சாப்பாடு வைத்தால் ஆள் நகர்ந்த பிறகே வாய் வைத்தது. மாமா கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மனுஷர் ஆடிப்போய்விட்டார். இனி தன்னிடம் வரவே வராதோ என்ற பயத்தில், கடையில் ஒருவர் சட்டையை இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பினார்.

“அங்க அடிச்சிருப்பாங்க. நீங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க!” என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். முடிவெட்டும் பெண் கத்தரியைக் கீழே வைத்தாள்.

“இங்க சமத்தாத்தான் இருந்துச்சு சார். வீட்ல ஏதாவது மாத்துனீங்களா?”

“ஒண்ணும் மாத்தலையே. அது இங்க இருந்த நேரத்துல படுக்கை, சோபா உறை, என் துணி எல்லாத்தையும் வெந்நீர்ல அலசி, புதுசா வந்த வாசனைத் தண்ணி ஊத்தி, இஸ்திரி போட்டு வெச்சேன். சுத்தமான நாய் சுத்தமான வீட்டுக்கு வரட்டுமேன்னு.” சொல்லும்போதே பெருமை தாங்கவில்லை அவருக்கு.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அது மேல இருந்த வாசனையை நான் எடுத்துட்டேன். வீட்டு வாசனையை நீங்க எடுத்துட்டீங்க. அதுக்குத் தன் வீடு எதுன்னு எப்படி சார் தெரியும்? நீங்க போட்டுக் கழட்டின துணி ஒண்ணைத் துவைக்காம அதுகிட்ட போடுங்க.”

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கஷாயம் குடித்த மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் மறுநாள் முழுக்க ஒரே சட்டையோடு இஸ்திரிப் பெட்டி முன்னால் நின்று வேர்த்துக் கொட்டினார். வாடிக்கையாளர் ஒருவர் மூக்கைச் சுளித்ததைக் கண்டுகொள்ளவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி, குளியலறை வாசலில் விரிக்கக் குனிந்தார். வாளி உருண்டது. சடையன் சட்டையைத் தாண்டிப் பாய்ந்து, அவருடைய பிசுபிசுத்த நெஞ்சில் காலை வைத்துக் கழுத்து, காது, கக்கம் என்று ஓர் இடம் விடாமல் மோந்தது. மாமா ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

அக்கா துண்டோடு வந்தாள். “சரி, முதல்ல போய்க் குளிங்க.”

“நாளைக்குக் குளிக்கிறேன், போ” என்றார் மாமா.