டம்மிக்கு அளவெடுத்த நாள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்பிக்கையும் கிடையாது, நேரமும் கிடையாது. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று கவலைப்படவே எனக்குப் பொழுது சரியாக இருக்கும். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன், நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். இலஞ்சியில் வீட்டோடு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்து, பிறகு பிரைவேட்டாகப் பரீட்சை எழுதி, தென்காசியில் ஆடை, ஜவுளி சான்றிதழ் படிப்பில் சேர்ந்தேன். கடைசி செய்முறைத் தேர்வில் தேறினால் யூனிஃபார்ம் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, தோற்றால் பழையபடி வீட்டு மிஷின்தான்.

தேர்வில் ஆளுக்கொரு டம்மி, அதாவது அளவு பார்க்கிற பொம்மை. அதற்கு அளவெடுத்து ஜாக்கெட் தைத்து, அதன் மேலேயே மாட்டிக் காட்ட வேண்டும். குற்றாலத்தில் சீசன் நேரம், லேபுக்குள் பட்டப்பகலிலும் குளிர். டேப்பை மார்பில் சுற்றி, பழக்கதோஷத்தில் இரண்டு விரலை உள்ளே விட்டேன். மூச்சுவிட இடம் வேண்டுமே என்று ஆட்களுக்கு அப்படித்தான் அளவெடுப்போம். பக்கத்தில் நின்ற மாரி, என்னோடு படிக்கிற கடையத்துக்காரி, சிரித்துவிட்டாள்.

“ஏட்டி, பொம்மைக்கு எதுக்கு விரல் விடுத? அதுக்கு மூச்சு முட்டவா போகுது?”

அவள் சொல்லி முடிக்கவில்லை, டேப் என் விரலை இறுக்கியது. தளர்ந்தது. மறுபடி இறுக்கியது. கையை உருவிக்கொண்டு, பதற்றத்தில் நடுங்குவது என் கைதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, பாடம் எடுக்கிற மிஸ் சொன்னபடி ஒட்ட அளவிலேயே வெட்டித் தைத்து முடித்தேன்.

மாட்டினேன். கொக்கியெல்லாம் விழுந்தது. நூல் வெட்டத் திரும்பினால் டக்கென்று ஒரு சத்தம், மேல் கொக்கி திறந்து கிடக்கிறது. திரும்பப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண் முன்னாலேயே துணி விம்மி, கொக்கி மறுபடி தெறித்தது.

“மாரி, இங்கன பாரேன்.”

“துணி சுருங்கிருக்கும்ட்டி. சீக்கிரம் பிரிச்சு விடு, மார்க் போடுத மேடம் வாராவ.”

நல்லவேளை, பக்கத் தையலில் உள்துணியை நறுக்காமல் விட்டிருந்தேன். உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வருகிற அக்காமார் கேட்பார்கள், அந்தப் பழக்கம். மிஸ் நறுக்கத்தான் சொல்லியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பிரித்துத் தளர்த்தித் தைத்தேன். கொக்கி போடும்போது என் வாயில் தானாக வந்துவிட்டது, “அக்கா, இப்பம் போதுமா?” மாரி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

கொக்கி நின்றது. மேடம் சுற்றிவந்து பார்த்து, “ஆள் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கே” என்றார்கள். தேறிவிட்டேன், வேலையும் கிடைத்துவிட்டது.

ஆனால் எல்லாம் முடிந்து ஜாக்கெட்டைக் கழற்றினேன் பாருங்கள், இரண்டு அக்குளிலும் வட்டமாக ஈரம். மற்ற இடமெல்லாம் மொறமொறவென்று காய்ந்திருக்கிறது. மாரி வாங்கி மோந்தாள், நானும் மோந்தேன். பவுடரும் வேர்வையும் கலந்த வாசனை, கூட்டமான பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் வருமே, அது. மாரி ஜாக்கெட்டை என்னிடமே திணித்துவிட்டு, கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வெயில்படாத அறையில் கிடந்த டம்மி அது. தோளோடு சரி, அதற்குக் கையே கிடையாது.